நம் ஊரில் இலை உதிர்வது எப்போது?

இலையுதிர் காலம் எது என்று ஒரு சிறுவனைக் கேட்டுப் பாருங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை என்று அவன் தயக்கமின்றி விடை கூறுவான். அவனுடைய புத்தகத்தில் அவ்வாறுதான் அச்சிட்டிருக்கிறது. பக்கத்தில் ஒரு படமும் உண்டு. செந்நிற இலைகள் காற்றிற் பறக்க, கம்பளிச் சட்டை அணிந்த குழந்தைகள் அவற்றை வாரி இறைத்து விளையாடுகிறார்கள். ஆனால் விடை கூறிய பையன் வாழ்வது கம்பம் பள்ளத்தாக்கில். ஐப்பசித் திங்களில் அவன் தன் வீட்டுச் சன்னலைத் திறந்தால் என்ன தெரியும்? மேகமலையின் முடிகள் மழைமேகத்துள் மறைந்து கிடக்கும். சுருளியாறு கலங்கிப் பாயும். வேலியோரத்துக் கோவைக்கொடி ஒரு வாரத்திற்குள் முழ நீளம் வளர்ந்திருக்கும். வாசலில் உள்ள வேம்பு கரும்பச்சைக் குடை விரித்தாற்போல நிற்கும். தரையில் கிடக்கும் இலை என்று சொல்லத்தக்கது, முந்திய இரவு மழைக்காற்று பறித்துப் போட்ட பச்சையிலைதான். அந்த வேம்பு உண்மையில் இலை உதிர்ப்பது மாசியிலும் பங்குனியிலும் ஆகும். அப்போது பையனுடைய புத்தகத்தில் வேறு பாடம் நடந்துகொண்டிருக்கும்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக் கற்பிக்கும் பெற்றோர் சிலர் இன்று நம் நாட்டில் உளர். பெருநகரங்களில் அவர்கள் தொகை சற்று மிகுதி. நம் பக்கத்தில் மிகச் சிலரே. அத்தகைய பிள்ளைகள் பலர், 1989-இல் நிறுவப்பெற்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் தேர்வுகளைப் பிற்காலத்தில் எழுதுகிறார்கள். இஃது ஏதோ சிலருடைய விருப்பம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 2020 மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது, எல்லாப் பெற்றோருமே வீட்டுப் பள்ளியின் ஆசிரியர்கள் ஆயினர். மறு ஆண்டில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தைத் தொடங்கித் தன்னார்வலர்களைத் தெருத்தோறும் மாலை வகுப்பு நடத்தச் செய்தது. விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத்தோட்டத்து வேலைக்குச் செல்லும் தாய்மாரின் பிள்ளைகள், விடுமுறை நாட்களில் பாட்டியின் பார்வையில் வளர்கிறார்கள். வீட்டிலே கற்பது என்பது இவர்கள் எல்லோருக்கும் உரியது. ஆகையால் இங்கு நான் கூறப்போவதை, வீட்டிற் பிள்ளை உள்ளோர் யாவரும் தமக்கென்றே கொள்ளலாம்.

உத்தமபாளையத்தை அடுத்த ஒரு சிற்றூரில், தம் மகளுக்குத் தாமே கற்பிக்கும் ஒரு தாயாரை நான் அறிவேன். மகளுக்கு வயது ஒன்பது. கணினி வழியாகக் கிடைக்கும் அயல்நாட்டுப் பாடத்தாள்களை அச்செடுத்து, திங்கள்தோறும் ஒரு பொருள் என வகுத்துக்கொண்டு, ஒழுங்காகப் பாடம் நடத்துபவர் அவர். ஓர் அக்டோபர் மாதத்துத் தாளில், 'வெளியே சென்று சிவப்பு இலை ஐந்து, மஞ்சள் இலை ஐந்து, பழுப்பு இலை ஐந்து சேகரித்து வருக' என்று இருந்தது. சிறுமி பையை எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினாள். பூவரச மரத்தடியில் மஞ்சள் இலை இரண்டு கிடைத்தன. சிவப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. முடிவில் தாயார் கடையிற் சென்று வண்ணத்தாள் வாங்கி, இலைபோல வெட்டிக் கொடுத்து அந்தப் பாடத்தை நிறைவேற்றினார். இதனை என்னிடம் சிரித்துக்கொண்டே கூறிய அவர், சற்றுப் பொறுத்து, "ஆனால் ஐயா, அவள் ஒன்று கேட்டாள். 'நம்ம ஊரு மரத்துக்கு ஒண்ணுமே தெரியலையா அம்மா?' என்றாள்" என்றார்.

அந்தக் கேள்வியில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. தன் கண் கண்டதும் அச்சிற் கண்டதும் மாறுபட்டபோது, குழந்தை அச்சை நம்பியது, கண்ணைக் கைவிட்டது. மரமே தவறு செய்கிறது என்று முடிவு கட்டியது. பள்ளியிலாயினும் வீட்டிலாயினும் இயற்கைப் பாடம் என்று ஒன்றை நாம் வைத்திருப்பது, குழந்தை தன் கண்ணை நம்பப் பழக வேண்டும் என்பதற்காக அன்றோ? முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஆசிரியப் பணி புரிந்தவன் என்னும் முறையில் கூறுகிறேன்: ஒரு பாடம் புரியாமற் போவது சிறிய இழப்பு, அடுத்த ஆண்டு புரிந்துவிடும். தன் ஊரும் தன் மரமும் பாடத்திற்கு உதவாதவை என்று குழந்தை எண்ணத் தொடங்குவது பெரிய இழப்பு.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு முதன்முதற் கற்பித்த விதி, அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க என்பது. அவ்விதிப்படி மேப்பிள் மரத்தின் இலையிலிருந்து வேப்பிலைக்கு வருவது தலைகீழ்ப் பாடமாகும். 'இலையுதிர் காலம்' என்ற தொடரே மேலைநாட்டுப் பருவத்தின் பெயரைத் தமிழில் சொல்வதற்காகப் பிற்காலத்தில் ஆக்கிக்கொண்டது. நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இவற்றுள் இலையின் பெயரால் அமைந்த பொழுது ஒன்றேனும் இல்லை. மழை, குளிர், பனி, வெயில் என்பனவே பெயர்களாயின. புத்தகத்தில் இலையுதிர் காலமாகிய அக்டோபர், நமக்குக் கூதிர். அதாவது குளிர்ந்த மழைக்காலம்.

இனி, ஒரே செயல் இரு நாடுகளில் இரு வேறு காலங்களில் நிகழ்வது ஏன் என்று பார்ப்போம். மேலைநாட்டு மரம் அஞ்சுவது குளிரை. நம் மரம் அஞ்சுவது வறட்சியை. இலண்டன் நகரில் கோடையின் நீண்ட பகல் 16 மணி நேரத்துக்கு மேலும், குளிர்காலத்தின் குறுகிய பகல் 8 மணி நேரத்தை ஒட்டியும் இருக்கும். பகல் சுருங்கச் சுருங்க, உறைபனி வரப்போகிறது என்பதை மரம் உணர்ந்துகொள்கிறது. மெல்லிய இலைகளைக் களைந்துவிட்டு உறங்கத் தொடங்குகிறது. நம் தேனியோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் உள்ளது. இங்கு ஆண்டின் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் உள்ள வேற்றுமை ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மிகுதி, அவ்வளவுதான். உறைபனியும் பள்ளத்தாக்கில் இல்லை.

ஆனால் தண்ணீர்ப் பஞ்சம் உண்டு. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்கு மலைத்தொடர் தடுத்து அப்புறமே பெய்வித்துவிடுகிறது. மலையின் மழைமறைவில் இருக்கும் நமக்கு, ஐப்பசி கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையே பெருந்துணை. அதுவும் மார்கழியோடு ஓய்ந்துவிடும். அதன் பின்னர்த் தை, மாசி, பங்குனி என மண்ணின் ஈரம் நாளுக்கு நாள் குறையும். வெயில் நாளுக்கு நாள் ஏறும். முல்லைப் பெரியாற்று நீர் 1895 முதல் நம் வயல்களுக்கு வருகின்றது என்றாலும், கரட்டு மேட்டில் நிற்கும் மரத்துக்கு அதனால் என்ன பயன்? அது தன் கையிருப்பைக் காத்துக்கொள்ள வேண்டும். இலை என்பது நீரை ஓயாமல் ஆவியாக வெளியிடும் உறுப்பு. வரவு குறைந்தபோது செலவைக் குறைக்கும் குடும்பத்தலைவன்போல, மரம் இலைகளை நீக்கிவிடுகிறது.

இதனைப் பிள்ளைகள் கண்ணாற் காண்பது மிக எளிது. தெளிவான பாலித்தீன் பை ஒன்றை, வெயிலில் உள்ள இலைகள் நிறைந்த கிளை நுனியில் மாட்டி, வாயை நூலால் இறுகக் கட்டுங்கள். இலையில்லாத குச்சி ஒன்றிலும் அதேபோல் இன்னொரு பையைக் கட்டுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் முதற்பையின் உட்புறம் நீர்த்துளிகள் முத்து முத்தாகத் திரளும். மற்றப் பையில் அவ்வளவு இராது. அந்தத் துளிகளை ஒரு சிறு கரண்டியில் வடித்து அளந்து, மரத்தில் இதுபோன்ற கிளை நுனிகள் எத்தனை இருக்கும் என்று மதிப்பிட்டுப் பெருக்கிப் பார்க்கட்டும். கணக்கும் அறிவியலும் ஒருசேர நடந்துவிடும். வரும் விடை துல்லியமாக இராது. ஆயினும் ஒரு வேம்பு ஒரு பகலில் குடம் குடமாக நீரைச் செலவழிக்கிறது என்பதை அந்தப் பிள்ளை பிறகு மறக்காது.

இலை எவ்வாறு உதிர்கிறது என்பதும் அறியத்தக்கது. காற்று பிய்த்துப் போடுவதால் அன்று, மரமே கழற்றிவிடுகிறது. இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில் மெல்லிய உயிரணுக்களால் ஆகிய ஒரு படலம் உண்டு. இலையை நீக்கும் காலம் வந்ததும், மரம் அவ்விலையிலுள்ள தழைச்சத்து முதலியவற்றைக் கூடியவரை கிளைக்குள் திரும்ப வாங்கிக்கொள்கிறது. பச்சையம் சிதைகிறது. இதுவரை பச்சையின் மறைவில் இருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகிறது. பின்பு காம்பின் அடிப்படலம் நெகிழ்ந்து இலை தன் எடையாலேயே விழுகிறது. விழுந்த இடத்தைத் தக்கை போன்ற ஒரு பொருளால் மரம் மூடிவிடுகிறது. பச்சையிலை ஒன்றைப் பிள்ளையைப் பறிக்கச் சொல்லுங்கள். நார் கிழிந்து, ஈரம் கசிந்து வரும். பழுத்த இலை ஒன்றைத் தொடச் சொல்லுங்கள். தொட்ட அளவில் கையோடு வரும். இரண்டின் காம்படியையும் ஓர் உருப்பெருக்காடியால் நோக்கினால், ஒன்று கிழிசல், மற்றொன்று முத்திரை வைத்தாற்போல வழவழப்பு. இந்த ஒரு வேற்றுமையைக் கண்டுகொண்டால் பாடத்தின் பாதி முடிந்தது.

மேலைநாட்டில் இலை சிவப்பது எதனால் என்று கேட்பீர்கள். மஞ்சள் நிறம் இலையில் முன்னரே இருப்பது. சிவப்போ, ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருளைப் புதிதாக ஆக்குவதால் வருவது. அது நம் மரங்களிலும் உண்டு. ஆனால் வேடிக்கை என்னவெனில், அங்கே இலை இறக்கும்போது சிவக்கிறது. இங்கே பெரும்பாலும் பிறக்கும்போது சிவக்கிறது. மாந்தளிரின் செம்மையைப் பெண்களின் மேனிக்கு உவமை கூறாத தமிழ்ப் புலவர் அரியர். பங்குனியில் வேம்பும் அரசும் செம்பினாற் செய்தவைபோலத் தளிர்க்கின்றன. ஐப்பசியில் சிவப்பு இலை தேடிய அந்தச் சிறுமிக்கு ஐந்து என்ன, ஐந்நூறு கிடைத்திருக்கும், காலந்தான் வேறு. ஒரே மாங்கிளையிலிருந்து செந்தளிர் முதல் முற்றிய இலை வரை ஏழெட்டு இலைகளை வரிசையாக எடுத்து ஒரு தாளில் ஒட்டி வைத்தால், நிறம் மாறும் வரலாறு முழுவதும் ஓர் அடி நீளத்தில் வந்துவிடும்.

முதிர்ந்து சிவக்கும் இலைதான் வேண்டும் என்பார்க்கும் ஒரு மரம் உண்டு. அது நாட்டு வாதுமை. பிள்ளைகள் வாதாங்கொட்டை மரம் என்பார்கள். பள்ளிக்கூட வளாகங்களிலும் அரசு அலுவலகங்களின் முற்றங்களிலும் தட்டுத்தட்டாகக் கிளை பரப்பி நிற்கும். அதன் பெரிய இலைகள் உதிருமுன் நன்றாகச் சிவந்துவிடும். ஆண்டில் இருமுறைகூட உதிர்வதுண்டு. வண்ணத்தாள் வாங்கும் செலவு மிச்சம்.

எல்லா மரத்தையும் ஒரே நாளில் காட்டிவிட வேண்டும் என்று பெற்றோர் விரைவதுண்டு. அது வேண்டா. ஒரு மரம் போதும். ஆனால் ஆண்டு முழுவதும் பார்க்க வேண்டும். வேம்பே தொடக்கத்துக்கு ஏற்றது. தை பிறந்ததும் கைக்கெட்டும் கிளை ஒன்றில் நிற நூல் கட்டி, அதிலுள்ள இலைகளை எண்ணி எழுதட்டும். இங்கே முதலில் ஒரு வழக்கு எழும்: வேம்பில் எது இலை? பிள்ளை ஒவ்வொரு சிற்றிலையையும் ஓர் இலை என்று எண்ணத் தொடங்கும். காம்பு கிளையோடு சேரும் கக்கத்தில் ஒரு சிறு மொட்டு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஈர்க்கின் அடியில் இருக்கும். சிற்றிலையின் அடியில் இராது. ஆகவே ஈர்க்கோடு கூடிய முழுவதுமே ஓர் இலை. இதனை நாமே சொல்லிவிடாமல், தேடிக் காணவிட்டால் நலம். பிறகு ஞாயிறுதோறும் எண்ணிக்கை. நாற்பது, முப்பத்தெட்டு, முப்பத்தொன்று, பன்னிரண்டு என்று அது குறையும். ஒரு வாரம் சூனியம்கூட ஆகலாம். மறு வாரம் செந்தளிர் எழும். அதன்பின் பூ வரும். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ பறிக்கும்போது, அது எந்தக் கிளையில் எந்த வாரம் அரும்பியது என்று பிள்ளையால் கூற முடியுமானால் அதைவிட நல்ல தேர்வு வேறில்லை.

போடிநாயக்கனூர்ப் பக்கத்தவர்க்கு இலவ மரம் இருக்கிறது. போடி இலவம்பஞ்சு வாணிகத்தில் பெயர் பெற்ற ஊர். தலையணைக்குள் இருக்கும் அந்தப் பஞ்சு எப்படி வந்தது என்று அறியாத பிள்ளைகளே இன்று மிகுதி. முன்பனிக் காலத்தில் இலவம் தன் இலைகளையெல்லாம் உதிர்த்து வெறுங்கிளையாக நிற்கிறது. அந்த வெறுங்கிளையில்தான் பூக்கிறது. இரவில் மலரும் அப்பூவை நாடி வௌவால்கள் வருகின்றன. இலை மறைப்பு இல்லாததால் அவற்றுக்குப் பூவை அணுகுவது எளிது. பின்னர்க் காய் முற்றி வெடிக்கிறது. பஞ்சு காற்றில் பறக்கிறது. அதற்கும் இலை தடையாக இருத்தலாகாது அல்லவா? இலை உதிர்வது வறட்சிக்கு அஞ்சி மட்டுமன்று, பூவுக்கும் விதைக்கும் வழிவிடுவதாகவும் அமையும் என்பதை இவ்வொரு மரம் காட்டிவிடுகிறது. கொன்றையும் கல்யாண முருங்கையும் அவ்வாறே இலை குறைந்த வேளையிற் பூப்பவை.

தமிழ்ப் பாடத்தையும் மரத்தடியிலேயே வைத்துக்கொள்ளலாம். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று ஓர் இலையின் வாழ்நாளுக்கே நம்மிடம் படிப்படியான சொற்கள் உள்ளன. நெல்லுக்குத் தாள், சோளத்துக்குத் தோகை, பனைக்கும் தென்னைக்கும் ஓலை, தாழைக்கு மடல். தாளும் தோகையும் காய்ந்தால் சண்டு. இலை காய்ந்தால் சருகு. தேவநேயப் பாவாணர் இத்தகைய சொற்களைத் தொகுத்துத் தமிழின் சொல்வளம் காட்டினார். அவற்றை மனப்பாடம் செய்விப்பதைவிட, ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக்கொடுத்துச் சொல்லச் செய்வது மேல். நம் பள்ளத்தாக்கில் இவற்றுள் பெரும்பாலானவற்றை ஒரு மாலைப்பொழுதில் திரட்டிவிடலாம்.

அரசிலையை நீரில் இரண்டு மூன்று வாரம் ஊறவைத்துச் சதைப்பகுதி அழுகியபின் மெல்லக் கழுவி, நரம்பு வலையை மட்டும் எடுப்பது பழைய வேலை, பலரும் அறிந்தது. துர்நாற்றம் தாங்காமல் பாட்டிமார் பானையைக் கொல்லைக்கு அப்புறப்படுத்துவதும் பழைய வழக்கமே. செய்து பார்க்கட்டும்.

கம்பத்துக்கே உரிய ஒரு பாடத்தை இனிக் கூறுகிறேன். வேறு ஊரார்க்கு எளிதில் கிட்டாதது இது. திராட்சைக்கொடி இயல்பாக இலையுதிர்க்கும் இனம். பிரான்சு முதலிய நாடுகளில் அது அக்டோபர், நவம்பரில் நிறம் மாறி இலை உதிர்த்து, குளிர்காலம் முழுவதும் உறங்கி, வசந்தத்தில் தளிர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கிறது. அந்தக் கொடி கம்பத்துக்கு வந்தபோது என்ன ஆயிற்று? இங்கே குளிர் இல்லை. ஆகவே அதற்கு உறக்கமும் இல்லை. அதன்போக்கில் விட்டுவிட்டால் இலையும் தண்டுமாகப் படர்ந்துகொண்டே போகுமேயன்றி, ஒழுங்காகக் காய்க்காது. எனவே உழவர் கத்தரிக்கோலை எடுத்துக் கவாத்துச் செய்கிறார். பந்தலின்மேல் பசுமையாகக் கிடந்த கொடி ஓரிரு நாளில் வெறுங்குச்சியாகிறது. கொடி, குளிர்காலம் வந்து போயிற்று என்று எண்ணிக்கொண்டதுபோலப் புதிதாகத் துளிர்த்துப் பூத்து, ஏறத்தாழ நான்கு திங்களில் பழம் தருகிறது. இயற்கை தராத இலையுதிர் காலத்தை மனிதன் தன் கையாலேயே உண்டாக்குகிறான்!

இதனால்தான் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் எங்கேனும் ஓரிடத்தில் திராட்சை அறுவடை நடந்துகொண்டே இருக்கிறது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததற்கு இந்தச் சிறப்பும் ஒரு காரணம். சுருளிப்பட்டிச் சாலையிலோ காமயகவுண்டன்பட்டிப் பக்கத்திலோ பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். ஒரு பந்தல் மொட்டையாக இருக்கும். வரப்புக்கு அப்பால் மற்றொன்று தளிர்விட்டிருக்கும். அதற்கு அடுத்தது கருங்குலைகள் தொங்க நிற்கும். ஐரோப்பியச் சிறுவன் ஓராண்டு காத்திருந்து காண்பனவற்றை நம் சிறுவன் அரை மணி நேரத்தில் நடந்தே கண்டுவிடுகிறான். தோட்டக்காரரிடம் கவாத்துச் செய்த நாள் எது என்று வணக்கத்தோடு கேட்கச் சொல்லுங்கள். அவர் தம் மகளின் திருமண நாளைச் சொல்வதுபோலத் தேதி தவறாமல் சொல்வார். அதிலிருந்து நான்கு திங்கள் கூட்டி அறுவடை நாளைக் கணித்து, அந்நாளில் மீண்டும் சென்று பார்ப்பது பிள்ளையின் பொறுப்பு. இலையில்லாத நாளில் போட்ட கணக்கு இனிப்பாக முடிவதில் பிள்ளைகளுக்குத் தனி மகிழ்ச்சி.

ஏலத்தோட்டம் செல்லும் தாய்மாருக்கும் ஒரு வேண்டுகோள். மாலையில் இறங்கி வரும்போது தோட்டத்து நிழல்மரத்தின் கீழே விழுந்து கிடக்கும் இலை ஒன்றை மடியிற் கொண்டு வாருங்கள். மழை மிகுந்த மலைக்காட்டு மரங்கள் பலவற்றின் இலைகளுக்கு நுனி நீண்டு கூர்ந்திருக்கும். பெய்த மழை அதன் வழியே விரைவாக வடிந்துவிடும். பள்ளத்தாக்கில் வளரும் கருவேலின் இலையையும் அதனையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒன்று நீரை வடிக்க முயல்வது, மற்றொன்று நீரைக் காக்க முயல்வது என்பது விளங்கும். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு ஜீப்பில் ஒரு மணி அல்லது இரண்டு மணி. அந்த ஓர் இலையால், தாய் பகலெல்லாம் எத்தகைய இடத்தில் உழைக்கிறாள் என்பதும் பிள்ளைக்குத் தெரியவரும்.

இலைக்காகப் பிள்ளைகளை மலைக்காட்டுக்குள் அழைத்துச் செல்ல வேண்டுவதில்லை. மேகமலைக் காடு 2021 முதல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கு நுழைவதற்குக் கட்டுப்பாடு உண்டு. மற்றொரு காரணமும் இருக்கிறது. 2018 மார்ச்சு 11-ஆம் நாள், போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயிற் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், பெரும்பாலோர் இளைஞர். அது மாசித் திங்களின் இறுதி. புல் காய்ந்து, சருகு உலர்ந்து, மலைச்சரிவு முழுவதும் விறகடுக்குப்போல இருக்கும் வேளை. மலையடிவாரத்தில் வாழும் நம் பிள்ளைகள், இலை உதிரும் காலம் அக்டோபர் என்று எழுதி மதிப்பெண் பெறலாம். ஆனால் காடு எந்த மாதத்தில் தீக்கு இரையாகக் காத்திருக்கிறது என்பதை அவர்கள் அறியாதிருக்கக் கூடாது. தைமாதக் கடைசியில் ஒரு பிடிச் சருகையும், ஐப்பசியில் ஒரு பிடிச் சருகையும் கசக்கிப் பார்த்த கைக்கு அது தெரியும். ஒன்று பொடியாகும், மற்றொன்று கசங்கும்.

வீட்டுச் சருகையும் கொளுத்த வேண்டா. கொல்லையில் முழ ஆழத்தில் குழி ஒன்று தோண்டி, சருகு ஓர் அடுக்கு, மண் ஓர் அடுக்கு, சாணக் கரைசல் சிறிது என இட்டு ஈரம் காயாமல் காத்து வந்தால் சில திங்களில் மட்கிவிடும். மாதம் ஒருமுறை பிள்ளை கிளறிப் பார்த்து எந்த இலை முதலில் மட்கியது, எது கடைசி வரை முரண்டு பிடித்தது என்று குறித்துக்கொள்ளட்டும். முருங்கை இலை விரைவில் மறையும். மாவிலை எளிதில் மசியாது.

தேர்வு வந்தால் பிள்ளை என்ன எழுதுவது என்று அந்தத் தாயார் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. 'வடபாதியிலுள்ள குளிர்நாடுகளில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. எங்கள் ஊரில் தை முதல் பங்குனி வரை' என்று இரண்டையும் எழுதச் சொன்னேன். திருத்துபவர் பொறுமையுடையவராயின் முழு மதிப்பெண் தருவார். இல்லையேல் அரை மதிப்பெண் போகும், போகட்டும்.

குறிப்பேட்டைப் பற்றி ஒரு சொல். இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியில் வாழ்ந்த இராபர்ட் மார்ஷம் என்பவர் 1736-இல் தம் நிலத்து மரங்கள் தளிர்க்கும் நாள், பறவைகள் வரும் நாள் முதலியவற்றைக் குறிக்கத் தொடங்கினார். அவருக்குப் பின் அவருடைய வழியினர் அதனை 1958 வரை தொடர்ந்தனர். ஒரு வீட்டார் வீட்டிலிருந்தே செய்த அந்த வேலை, பருவநிலை மாறுவதை ஆராயும் அறிஞர்களுக்கு இன்று அரிய சான்றாக இருக்கிறது. நம் நாட்டிலும் சீசன்வாட்ச் என்னும் பெயரில், மரங்களை வாரந்தோறும் கவனித்துக் குறிக்கும் முயற்சி ஒன்று தொடங்கப்பெற்றது. அண்டையிலுள்ள கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் அதில் பெருமளவிற் பங்குகொண்டனர். நம் பிள்ளைகளுக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். நாள், மரம், பழுத்த இலை, புதுத்தளிர், பூ, காய், முந்திய வாரத்து மழை என்று கோடு போட்டுக்கொள்ளட்டும். பெற்றோர் தம் கையால் எழுதி அழகுபடுத்தும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். எழுத்துப்பிழையோடு பிள்ளை எழுதிய நோட்டையும், பிழையில்லாமல் தந்தையார் எழுதிய நோட்டையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மரம் முன்னதில்தான் இருக்கும்.

மரமில்லாத தெருவில் குடியிருப்போர் என்ன செய்வது என்பீர்கள். பேருந்து நிலையத்தருகே ஓர் அரச மரமோ, கோயில் வாசலில் ஒரு வேம்போ இல்லாத ஊர் நம் பள்ளத்தாக்கில் இல்லை. அதுவும் தொலைவானால் ஒரு முருங்கைப் போத்தை வாங்கி நட்டுவிடுங்கள். அதன் இலையில் முக்காற்பங்கு நீர். நூறு கிராம் இலையை மளிகைக் கடைத் தராசில் நிறுத்து, நிழலில் நன்றாக உலர்த்தி மறுபடியும் நிறுத்தால் இருபத்தைந்து கிராம் அளவில் நிற்கும். எஞ்சிய இலையைப் பொடித்து அன்றைக்கே குழம்பில் சேர்த்துவிடலாம்.